நீராவிச் சுழலிகளின் மிகைக்கதிக் காப்பு: பொறிமுறையும் இலத்திரனியலும் – ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் இயந்திரங்கள் எவ்வாறு இயக்கப்பட்டன என்பதையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். அவை எவ்வாறு நிறுத்தப்பட்டன என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. ஆயினும், பேராற்றல் வாய்ந்த ஓர் இயந்திரத்தின் அருகிலே மனிதன் அச்சமின்றி நின்று தொழில் செய்ய முடிந்தமைக்குக் காரணம், வேண்டியபோது அதனை நிறுத்திவிடலாம் என்னும் நம்பிக்கையேயாகும். அந்நம்பிக்கை எதன்மீது கட்டப்பட்டது, எவ்வெப்போது அது பொய்த்தது என்பவற்றை மின்னுற்பத்தி நிலையங்களின் நீராவிச் சுழலிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுழலியின் கதி எல்லை மீறும்போது அதனை உணர்ந்து கொதிநீராவியை அடைக்கும் பொறுப்பைச் சுழல்தண்டிலேயே பொருத்தப்பட்ட ஓர் உருக்கு முளையிடம் ஒப்படைப்பதா, அன்றி இலத்திரனியற் கருவிகளிடம் ஒப்படைப்பதா என்பது பொறியியலாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் விவாதமாகும். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது பழைமைக்கும் புதுமைக்கும் இடையிலான பூசலாகவே தோன்றும். விபத்துக்களின் வரலாற்றை நிரல்படுத்தி நோக்கின், விவாதத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருப்பது புலனாகும். காவலுக்கென வைக்கப்பட்ட கருவியை எவ்வாறு சோதித்தறிவது என்பதே அவ்வுயிர்நிலை.

1. ஆபத்தின் இயல்பு

மின்வலையமைப்பின் மீடிறன் 50 ஆகவுள்ள நாடுகளில் பெருஞ்சுழலிகள் பொதுவாக நிமிடத்துக்கு 3000 முறை சுழல்வன. மீடிறன் 60 ஆகவுள்ள ஐக்கிய அமெரிக்காவில் அக்கதி 3600 ஆகும். அணுமின் நிலையங்களின் சுழலிகள் பல இக்கதிகளின் அரைப்பங்கில் இயங்குவன. 3000 கதியில் இயங்கும் ஒரு சுழலியின் இறுதிநிலை அலகுகளின் நுனி, தண்டின் மையத்திலிருந்து ஒன்றரை மீற்றர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், அந்நுனி வினாடிக்கு ஏறத்தாழ 470 மீற்றர் செல்லும். சாதாரண வளியில் ஒலி செல்லும் வேகத்திலும் இது மிகுதியாகும்.

சுழல்வதற்கு மின்பிறப்பாக்கி தரும் எதிர்ப்பே சுழலியைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றது. மின்கம்பியில் யாதேனும் பழுது நேர்ந்து சுற்றுடைப்பான் திறந்துகொள்ளுமாயின் அவ்வெதிர்ப்பு ஒரு நொடியில் மறைந்துவிடும். கொதிநீராவியோ தொடர்ந்து பாய்ந்துகொண்டிருக்கும். அதன் சத்தி முழுவதும் சுழல்தண்டை விரைவாக்குவதிலேயே செலவாகும். பேரளவான ஒரு சுழலித் தொகுதி சுழலும்போது அதனிடத்துள்ள இயக்கச்சத்தி, அது நிறைவலுவில் ஐந்து வினாடிக்கு உற்பத்தி செய்யும் சத்திக்குச் சமமெனக் கொள்வோம். இயக்கச்சத்தி கதியின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே கதி நூற்றுக்குப் பத்துப் பங்கு உயர்வதற்குச் சத்தி நூற்றுக்கு 21 பங்கு உயர்ந்தாற் போதும். ஐந்து வினாடியில் நூற்றுக்கு 21 பங்கு என்பது ஏறத்தாழ ஒரு வினாடியே. கண்காணிப்பவர் மணியொலியைக் கேட்டுத் தலைநிமிர்வதற்கும் இக்காலம் போதாது. மனிதனது கையை நம்ப இயலாத இடம் இது, கருவியை நம்பியேயாகவேண்டும்.

தண்டும் அதிற் பொருத்திய தட்டுக்களும் தாங்கவேண்டிய தகைப்பும் கதியின் வர்க்கத்துக்கேற்பவே உயரும். கதி பத்துப் பங்கு மிகின் தகைப்பு 21 பங்கு மிகும். அதற்கப்பாற் செல்லச் செல்ல உருக்கு விரியும். அலகுகள் கழன்று பறக்கும். முடிவில் தண்டே பிளந்து, பல தொன் நிறையுள்ள துண்டுகள் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். 1956 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் அஸ்க்மவுத் மின்னிலையத்தில் ஒரு சுழலி இவ்வாறு மிகைக்கதியாற் சிதறிய நிகழ்ச்சி, இவ்வாபத்து ஏட்டளவில் நில்லாததென்பதைப் பிரித்தானியப் பொறியியலாளர்க்கு உணர்த்திற்று.

2. சீராக்கியும் காவலனும்

கதியைக் கட்டுப்படுத்தும் கருவியின் வரலாறு சுழலிக்கு முந்தியது. காற்றாலைகளிற் பயன்பட்டுவந்த மையநீக்கக் குண்டுகளை 1788 ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் வாற்று நீராவி எஞ்சினுக்கு ஏற்றவாறு அமைத்தார். பொறியியலாளர் ‘கவர்னர்’ என வழங்கும் இக்கதிச் சீராக்கியில், சுழற்சி மிகுந்தவிடத்துக் குண்டுகள் விலகியெழுந்து நீராவி வழியைக் குறுக்கும். குறைந்தவிடத்துத் தாழ்ந்து அவ்வழியை அகலச்செய்யும். சில சீராக்கிகள் கதியை நிலைநிறுத்தாமல் ஊசலாடச் செய்வதேன் என்பதை ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் 1868 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் கணிதவாயிலாக விளக்கினார். கட்டுப்பாட்டியல் என்னும் துறையின் தோற்றுவாய்களுள் ஒன்றாக அக்கட்டுரை இன்று மதிக்கப்படுகின்றது.

1884 இல் சாள்ஸ் பார்சன்ஸ் ஆக்கிய முதலாவது சுழலி ஏறத்தாழ ஏழரைக் கிலோவாற்று வலுவே தரவல்லது. ஆனால் அதன் கதி நிமிடத்துக்கு 18,000 ஆகும். அக்கதிக்கு வாற்றின் குண்டுகள் ஏற்றனவாக இல்லை. ஆதலின் தண்டோடு சுழலும் சிறு விசிறியொன்று உறிஞ்சும் வளியினால் ஒரு தோற்சவ்வை இயக்கி நீராவியைக் கட்டுப்படுத்தும் முறையைப் பார்சன்ஸ் கையாண்டார். மின்பிறப்பாக்கியின் காந்தப்புலம் மாறுவதற்கேற்ப அவ்வளியின் அளவும் மாற்றப்பட்டது. பொறிமுறையும் மின்முறையும் பகைவர் போல எதிர்நிற்பன என இன்று பேசப்படினும், முதற் சுழலியிலேயே அவையிரண்டும் இணைந்து தொழிற்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

சுழலியின் வளர்ச்சி மிக விரைந்தது. 1890 இல் நியூகாசில் நகரின் போர்த் பாங்ஸ் நிலையத்தில் நிறுவப்பட்டவை 75 கிலோவாற்றுத் தொகுதிகள். நூற்றாண்டு முடியுந் தறுவாயில் யேர்மனியின் எல்பர்பெல்ட் நகருக்கென 1000 கிலோவாற்றுத் தொகுதிகளைப் பார்சன்ஸ் நிறுவனம் ஆக்கியது. வலு பெருகப் பெருக, சீராக்கி பழுதுறின் யாது செய்வது என்னும் வினாவும் முனைப்புற்றது. சீராக்கி ஓயாது அசைந்துகொண்டிருக்கும் கருவி; தேய்வும் ஒட்டுதலும் அதற்கு இயல்பு. ஆகவே அதனோடு எவ்வித உறவுமின்றி, அது தவறிய பின்னரே தொழிற்படும் இரண்டாவது கருவியொன்று வேண்டப்பட்டது. சீராக்கி கதியை ஆளும். காவலன் நிறுத்துவதை மாத்திரம் அறிவான். இவ்விரண்டும் தம்முட் கலத்தலாகாது என்பது சுழலிக் காப்பின் அடிப்படை விதியாயிற்று.

3. உருக்கு முளையின் சிறப்பு

பொறிமுறைக் காவலனின் அமைப்பு வியக்கத்தக்க எளிமையுடையது. சுழல்தண்டின் முனையிற் குறுக்காக ஒரு துளை இடப்படும். பொறியியலாளர் ‘போல்ற்’ என வழங்கும் உருக்கு முளையொன்று அதனுள் வைக்கப்படும். முளையின் நிறைமையம் தண்டின் அச்சிலிருந்து சற்று விலகியிருக்கும். ஆதலின் தண்டு சுழலும்போது முளை வெளியே பாய முயலும். வில்லொன்று அதனை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். கதி உயர உயர மையநீக்க விசை வர்க்கமாக உயர்ந்து, குறித்த எல்லையில் வில்லின் விசையை விஞ்சும். அக்கணத்தில் முளை வெளியே நகரும். நகர்ந்ததும் மையத்திலிருந்து அதன் தொலைவு கூடுதலால் விசை மேலும் மிகுந்து முற்றாக வெளிப்பாயும். அருகிலுள்ள நெம்பை அடிக்கும். நெம்பு விலகியதும் எண்ணெய்க் குழாயின் அமுக்கம் வீழும். அந்த அமுக்கத்தாற் றிறந்துவைக்கப்பட்டிருந்த நீராவி வால்வுகளைப் பெருவிற்கள் மூடிவிடும். பொதுவாக இவ்வெல்லை இயல்பான கதியின் நூற்றுக்குப் 110 பங்கை ஒட்டி அமையும். 3000 கதியில் இயங்கும் சுழலிக்கு அது 3300 ஆகும்.

இக்கருவிக்கு மின்சாரம் வேண்டியதில்லை, மின்கலவடுக்கு வேண்டியதில்லை, கணிப்பு வேண்டியதில்லை. எந்தக் கதி ஆபத்தை விளைவிக்கின்றதோ அந்தக் கதியே இக்கருவியை இயக்கும் விசையையும் தருகின்றது. நிலையம் முழுவதும் இருளில் மூழ்கினும் முளை தன் கடமையை மறவாது. பழைய பொறியியலாளர் இதன்மீது வைத்த பற்றினை வெறும் பழைமை மோகமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அப்பற்றுக்குத் தக்க காரணம் இருந்தது.

4. சோதனையே சோதனையாதல்

எனினும் முளைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது ஆண்டுக்கணக்காக அசையாமற் கிடப்பது. எண்ணெய்ப் படிவும் துருவும் அதனைத் துளையோடு ஒட்டச்செய்யலாம், வில் தளரலாம். அது சரியான கதியில் வெளிப்பாயுமா என்பதை ஐயமின்றி அறிதற்கு ஒரே வழி, சுழலியை உண்மையாகவே அக்கதிக்கு உயர்த்திப் பார்த்தல். எந்த ஆபத்தினின்று காக்கும்பொருட்டுக் கருவி வைக்கப்பட்டதோ அந்த ஆபத்தின் வாயிலுக்கே இயந்திரத்தைக் கொண்டுசென்றாலன்றிக் காவலனின் தகுதியை அறிய இயலாது. முளை பிந்திப் பாய்ந்தால் தொழிலாளர் சுழலியை நிறுத்தி, வில்லின் இறுக்கத்தைத் திருத்தி, மீண்டும் உயர்த்துவர். ஒரே நாளிற் பன்முறை இவ்வாறு செய்ய நேர்வதுமுண்டு.

இக்குறையின் கொடுமை 1969 செப்டெம்பர் 19 ஆந் திகதி இங்கிலாந்தின் ஹிங்லி பொயின்ற் ‘ஏ’ அணுமின் நிலையத்தில் வெளிப்பட்டது. மிகைக்கதிச் சோதனைக்காகச் சுழலியொன்றின் கதி உயர்த்தப்பட்டுக்கொண்டிருந்தது. இயல்பான கதி 3000. ஏறத்தாழ 3200 ஐ எட்டியபோது, முளை பாயவேண்டிய எல்லைக்கு முன்னரே, தாழமுக்கப் பகுதியின் தட்டொன்று வெடித்துச் சிதற, சுழலி முழுவதும் பாழாயிற்று. தட்டைத் தண்டோடு பிணைக்கும் சாவிப்பள்ளத்தில் தகைப்பும் ஈரமும் சேர்ந்து தோற்றுவித்த மிகச் சிறு வெடிப்புக்களே காரணமெனப் பின்னைய ஆராய்ச்சி காட்டிற்று. அத்தட்டின் உருக்கு நொறுங்குந் தன்மை மிக்கதாக இருந்தமையால், கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பும் அதனைப் பிளக்கப் போதுமானதாயிற்று.

இந்நிகழ்ச்சியிற் காவலன் தவறிழைக்கவில்லை. தொழிற்படவேண்டிய கதி அதற்கு இன்னும் வந்துசேரவில்லை. சீராக்கியிலும் பழுதில்லை. சோதனையே விபத்தாக முடிந்தது. சோதிக்கப்படாதிருப்பின் அவ்வெடிப்புக்கள் வளர்ந்து, பின்னொருநாள் இயல்பான கதியிலேயே தட்டைப் பிளந்திருக்கும் என வாதிடுவோரும் உளர். அவ்வாதத்திலும் உண்மை இல்லாமலில்லை. 1974 சூன் 19 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் டெனசி மாநிலத்துக் கலற்றின் நிலையத்தில் 225 மெகாவாற்றுச் சுழலியின் தண்டு, இயல்பான 3600 கதியை எட்டுமுன்னரே, ஏறத்தாழ 3400 இற் பிளந்தமை இதனை வலியுறுத்தும். தண்டின் உள்ளே உற்பத்திக் காலத்திலேயே தங்கிவிட்ட மாசுகளே அதன் மூலகாரணமாயின. ஆயினும் உலோகத்தின் நலத்தை அறிய வேறு வழிகள் உள்ளன. காவலனைச் சோதிக்கும் பொருட்டு ஆட்கள் நிற்கும் மண்டபத்தில் அதனை முறியும் எல்லைக்கு இட்டுச்செல்லுதல் சிறந்த வழியாகாது.

இக்குறையை நீக்கப் பொறியியலாளர் ஓர் உபாயம் கண்டனர். இயல்பான கதியிற் சுழலும்போதே முளையின் குழிவினுள் எண்ணெயைச் செலுத்தின் அதன் நிறை மிகும்; எல்லைக் கதியை அடையாமலே அது வெளிப்பாயும். முளை ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை இம்முறை காட்டும். ஆனால் சுழலி உற்பத்தியிலிருக்கும்போது இச்சோதனையைச் செய்வதாயின், முளை அடிக்கும் அடியால் நீராவி அடைபடாதவாறு அதன் வழியை ஒருவர் நெம்பைப் பிடித்துத் தடுத்திருக்கவேண்டும். அதாவது, சோதனை நிகழும் அச்சில நிமிடங்களிற் பொறிமுறைக் காவலன் காவலில் இல்லை. முன்னைய முறை ஆபத்தை வலிந்து அழைத்தது. இம்முறை காவலைத் தற்காலிகமாக விலக்கியது.

5. இலத்திரனியலின் வருகை

1947 இற் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிற்றர், 1960 களிற் சுழலிகளின் கட்டுப்பாட்டு அறையை அடைந்தது. எண்ணெயையும் நெம்புகளையும் கொண்டே இயங்கிய சீராக்கியின் இடத்தை, இலத்திரனியற் கணிப்பும் உயர் அமுக்க எண்ணெயும் இணைந்த அமைப்புக்கள் படிப்படியாகப் பெற்றன. நுண்முறைவழியாக்கி 1971 இல் விற்பனைக்கு வந்தபின் இம்மாற்றம் மேலும் விரைந்தது. சீராக்கியை அடுத்துக் காவலனின் இடமும் கேள்விக்குள்ளாயிற்று.

இலத்திரனியற் காப்பு கதியை அளக்கும் முறை பின்வருமாறு: தண்டிற் பொருத்திய பற்சில்லொன்றின் எதிரே காந்த உணரியொன்று நிறுத்தப்படும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்றுடிப்பு எழும். சில்லுக்கு 60 பற்கள் இருப்பின், வினாடிக்கு எழும் துடிப்புக்களின் எண்ணிக்கையே நிமிடத்துக்கான சுழற்சிகளின் எண்ணிக்கையாகவும் அமையும். 3000 கதியில் வினாடிக்கு 3000 துடிப்புக்கள். எல்லையை இலக்கத்தாற் குறித்துவிடலாம். வில்லை இறுக்கித் தளர்த்தும் வேலை இல்லை.

தனியோர் உணரி பழுதுறலாம், கம்பி அறலாம். ஒன்றை மாத்திரம் நம்பின் அது தவறும்போது காவல் இல்லை. இரண்டை வைத்து, எதுவொன்று கூறினும் நிறுத்துக என விதித்தால், வீணான நிறுத்தங்கள் மிகும். இரண்டும் ஒருங்கே கூறினால் நிறுத்துக என விதித்தால், ஒன்று ஊமையானதும் காவல் ஊமையாகும். ஆகவே மூன்று வழிகளை அமைத்து, அவற்றுள் எவையேனும் இரண்டு உடன்படின் நிறுத்துக என்னும் பெரும்பான்மை விதி கைக்கொள்ளப்பட்டது. நம்பத்தகாத உறுப்புக்களிலிருந்து நம்பத்தக்க அமைப்பை ஆக்குவது பற்றி யோன் வொன் நொய்மன் 1956 இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகைய பெரும்பான்மைத் தத்துவத்தையே கொண்டது. ஒரு வழி தவறும் வாய்ப்பு நூறில் ஒன்றெனின், மூன்றில் இரண்டு ஒருங்கே தவறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்றாகச் சுருங்கும். மூன்றும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மாத்திரமே இக்கணக்குப் பொருந்தும் என்பதை மறத்தலாகாது.

இவ்வமைப்பின் தலையாய நன்மை அதன் நுட்பத்தில் இல்லை. அது சோதனையிலேயே உள்ளது. மூன்று வழிகளுள் ஒன்றைப் பிரித்து, அதனுள் மிகைக்கதியைக் குறிக்கும் போலித் துடிப்புக்களைச் செலுத்தி, அது உரியவாறு குரல் கொடுக்கின்றதா எனப் பார்க்கலாம். அவ்வேளையிலும் ஏனைய இரண்டும் காவலில் நிற்கும். சுழலியின் கதி ஒரு சுற்றேனும் உயரவேண்டியதில்லை. ஹிங்லி பொயின்றின் ஆபத்தையும், நெம்பைப் பிடித்துக் காவலை விலக்கும் ஆபத்தையும் ஒருங்கே தவிர்க்க இம்முறை வழிசெய்தது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் 670 ஆம் இலக்க நியமம் 2000 ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் இலத்திரனியல் மிகைக்கதி உணர்வைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது. 1998 முதல் 2000 வரை வெளிவந்த சருவதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 61508 ஆம் நியமமும் காப்பமைப்புக்களின் நம்பகத்தன்மையை எண்ணளவில் மதிப்பிடும் வழக்கத்தைப் பரப்பியது. இவற்றின் பின்னர் பல நிலையங்களில் முளை அகற்றப்பட்டது. புதிய சுழலிகள் பலவற்றில் அது அமைக்கப்படுவதேயில்லை.

6. இறுதிக் கண்ணி

முளை உணர்ந்தாலும் மும்மடி உணரிகள் உணர்ந்தாலும், இறுதியில் நிகழவேண்டியது ஒன்றே: எண்ணெய் அமுக்கம் வீழவேண்டும், வால்வு மூடவேண்டும். இலத்திரனியற் கட்டளையை எண்ணெயின் அசைவாக மாற்றுவது வரிச்சுருள் வால்வு என்னும் சிறு கருவியாகும். உணரும் திறனைப் பற்றிய விவாதத்தில் இவ்விறுதிக் கண்ணி மறக்கப்பட்டமையின் விளைவை 1991 நவம்பர் 9 ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்துச் சேலம் அணுமின் நிலையத்தின் இரண்டாவது தொகுதியிற் காண்கின்றோம். (இது தமிழகத்துச் சேலமன்று.)

அன்று அங்குப் பொறிமுறைக் காவலனின் வழமையான மாதச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் நெம்பைப் பிடித்து அதன் வழியைத் தடுத்திருந்தார். அவ்வேளையில் எண்ணெய் அமுக்கம் கணப்பொழுது தாழ, அணுவுலை தானாக நின்றது. நீராவி வால்வுகள் மூடிக்கொண்டன. ஆனால் அமுக்கம் மீண்டதும் அவை மறுபடி திறந்தன. இந்நிலைக்கெனவே மூன்று வரிச்சுருள் வால்வுகள் இருந்தன. கட்டளை சென்றும் மூன்றும் அசையவில்லை. சிறிது நேரத்தில் மின்பிறப்பாக்கி அமைப்பின்படி வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட, தடையிழந்த சுழலி 1800 கதியிலிருந்து ஏறத்தாழ 2900 வரை விரைந்தது. தகைப்பு இயல்பின் இரண்டரை மடங்கைக் கடந்தது. அலகுகள் உறையைத் துளைத்துப் பறந்தன. மின்பிறப்பாக்கியின் குளிர்த்தலுக்கு உதவும் ஐதரசன் வாயு தீப்பற்றியது. உயிர்ச்சேதம் நேராதது நற்பேறேயாகும்.

இந்நிகழ்ச்சியில் மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன. பொறிமுறைக் காவலன் சோதனையின்பொருட்டு விலக்கப்பட்டிருந்தமை முதலாவது. ஒன்றுக்கு மூன்றாக அமைத்தும், அம்மூன்றும் ஒரே வகையின, ஒரே எண்ணெயைப் பகிர்ந்தன, ஒரே பராமரிப்பின்கீழ் இருந்தன என்பது இரண்டாவது. ஒரே காரணம் மூன்றையும் ஒருங்கே முடக்கிற்று. பத்தாயிரத்தில் மூன்று என்னும் கணக்கு அங்கே செல்லாது போயிற்று. மூன்றாவது பாடமே மிகத் துயரமானது. அதே நிலையத்தின் முதலாவது தொகுதியில் இவ்வகை வால்வுகள் அசையாதிருந்தமை 1990 இலேயே அறியப்பட்டிருந்தது. இரண்டாவது தொகுதியில் அவற்றை மாற்றும் வேலை, அடுத்த நீண்ட நிறுத்தக் காலத்துக்கெனப் பிற்போடப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அவ்வறிவைச் செயலாக்குவதற்குரிய நாள் வரவில்லை.

சோதனை முறையாக நடத்தப்படாவிடின் எத்தகைய கருவியும் துணைசெய்யாது என்பதற்குப் பிந்திய சான்றும் உண்டு. 2011 பெப்ரவரி 9 ஆந் திகதி தென்னாபிரிக்காவின் டுவா நிலையத்தில் 600 மெகாவாற்றுச் சுழலியொன்று மிகைக்கதிச் சோதனையின்போதே கட்டுமீறி விரைந்து பெருஞ்சேதமுற்றது. ஹிங்லி பொயின்றுக்கு நாற்பது ஆண்டுகளின் பின்னரும் சோதனையே மிக ஆபத்தான வேளையாக இருந்தது.

7. மின்சாரத்தை நம்பிய காவல்

இலத்திரனியற் காப்பினை ஏற்போர் விடைகூறவேண்டிய மற்றொரு வினா, மின்சாரம் அற்றவிடத்து அது யாது செய்யும் என்பதாகும். இதற்கு இரு விதமான அமைப்புக்கள் உள. ஒன்றில், மின்னோட்டம் ஓடும்வரையே வால்வு திறந்திருக்கும். மின் நின்றால் நீராவியும் நிற்கும். மற்றையதில், நிறுத்துவதற்கே மின்னோட்டம் வேண்டும். மின் நின்றால் நிறுத்தும் ஆற்றலும் நின்றுவிடும்.

2021 மே 25 ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கலைட் நிலையத்தில், ‘சி 4’ என்னும் தொகுதியின் புதிய மின்னேற்றியைத் தொடுக்கும் வேளையில், அத்தொகுதியின் ஆடலோட்டமும் நேரோட்டமும் ஒருங்கே அற்றன. இது மிகைக்கதி விபத்தன்று; எனினும் நமது ஆராய்ச்சிக்கு ஒளி தருவது. கொதிநீராவி நின்றது. ஆனால் மின்பிறப்பாக்கியை வலையமைப்பிலிருந்து பிரிப்பதற்கு வேண்டிய நேரோட்டம் இல்லை. உற்பத்தி செய்யவேண்டிய இயந்திரம் வலையமைப்பிலிருந்து வலுவை உறிஞ்சும் மோட்டராக மாறி, போதிகைகளுக்கு எண்ணெயுமின்றி, அரைமணி நேரத்துக்கு மேலாகச் சுழன்று, முடிவிற் சிதறியது. ஒரே நிலையத்தில், ஒரே கணத்தில், மின்னிழப்பினால் தானே பாதுகாப்பை அடைந்த உறுப்பும் மின்னிழப்பினாற் காப்பை இழந்த உறுப்பும் அருகருகே இருந்தமை காண்க. முளையை அகற்றுவோர் அதன் மின்சாராச் சுதந்திரத்தையும் அகற்றுகின்றனர். அதற்கு ஈடாக மின்னற்றால் மூடும் வால்வினை அமைப்பது அவர்தம் கடனாகும்.

8. நிறுத்தத்தின் விலை

காவல் மிகக் கடுமையாயின் வீணான நிறுத்தங்கள் நேரும். பெரிய வலையமைப்புக்களில் ஒரு சுழலி நிற்பது சிறு நிகழ்ச்சி. சிறிய தீவொன்றில் அது அவ்வாறன்று. 2011 இல் முதற்றொகுதியும் 2014 அளவில் ஏனையவையும் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலையின் லக்விஜய நிலையம், 300 மெகாவாற்றுச் சுழலிகள் மூன்றைக் கொண்டது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்னிலையத்தில் ஏற்பட்ட தடங்கலால் இலங்கை முழுவதும் இருளில் ஆழ்ந்தபோது இம்மூன்றும் நின்றன. மின்சாரம் மீண்டபின்னரும் அவற்றை உடனே இயக்க முடியாமையால், அடுத்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டு அமுல்செய்யப்பட்டது. உரிய காரணம்பற்றி நின்றமைக்கே நாடு இவ்வளவு விலை கொடுக்குமாயின், பழுதுற்ற உணரியொன்றின் பொய்க்குரலால் நிற்பதை எவரும் விரும்பார். அவ்வச்சமே சில நிலையங்களிற் சோதனைகளைப் பிற்போடச் செய்கின்றது. மூன்றில் இரண்டு என்னும் விதியின் சமூகப் பயன் இவ்விடத்தே விளங்கும். உற்பத்தியை நிறுத்தாமலே சோதிக்க அது இடந்தருவதால், பிற்போடுவதற்குச் சொல்லப்படும் காரணத்தை அது அகற்றுகின்றது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கதியை உணரும் தொழிலில் இலத்திரனியல் முளையை வென்றமை நியாயமானதே. அவ்வெற்றிக்குக் காரணம் அது புதியது என்பதோ நுட்பமானது என்பதோ அன்று. காவலை விலக்காமலும் ஆபத்தை அழைக்காமலும் காவலைச் சோதிக்க வழிசெய்தமையேயாகும். ஆயினும் உணர்தல் காப்பின் முதற் கண்ணி மாத்திரமே. எண்ணெயும், வரிச்சுருளும், நீராவி வால்வும் பழைய பொறிமுறை உலகைச் சேர்ந்தனவாகவே இன்றும் உள்ளன. அவை ஒட்டும், துருப்பிடிக்கும், அசைத்துப் பார்த்தாலன்றி அவற்றின் நிலை தெரியாது. முளையை அகற்றியதால் மிஞ்சும் உழைப்பையும் காலத்தையும் இவ்விறுதிக் கண்ணியைச் சோதிப்பதிற் செலவிடாத நிலையம், ஒரு காவலனை இழந்து வேறெதனையும் பெறாத நிலையமாகும்.

இயந்திரம் எதுவாயினும் அதனருகில் நிற்பவர் மனிதர். ஹிங்லி பொயின்றில் கதிமானியை நோக்கி நின்றவரும், சேலத்தில் நெம்பைப் பிடித்து நின்றவரும் தமக்கு இடப்பட்ட சோதனையை உரியவாறு செய்துகொண்டிருந்தவர்களே. காவலனைச் சோதிக்கும் கடமையை ஒருவரிடம் ஒப்படைக்கும் சமுதாயம், அச்சோதனையின்போது அவரைக் காப்பது யார் என்னும் வினாவுக்கும் விடை வைத்திருக்கவேண்டும். பொறிமுறையா இலத்திரனியலா என்னும் தெரிவை இனிச் செய்யும் எவரும் முதலிற் கேட்கவேண்டிய வினா அதுவேயாகும்.